அக்காவின் முதல் வேண்டாம்

அக்காவின் வாயில் எதற்கும் முதலில் வருவது "வேண்டாம்" தான். தேத்தண்ணி கேட்டாலும் வேண்டாம், கதிரையை இழுத்துப் போட்டாலும் வேண்டாம், மழைக்குள் குடையை நீட்டினாலும் "வேண்டாம், இது என்ன மழையே". ஆனால் அந்த வேண்டாமுக்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அது ஒரு மரியாதை. கேட்டவர் இரண்டாம் தரம் கேட்க வேண்டும். அப்போது "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தரமும் கேட்டால், "சரி, அப்ப அரைக்கோப்பை" என்று சொல்லி முழுக்கோப்பையையும் குடிக்கலாம்.

நானும் இந்தப் பழக்கத்தோடுதான் நோர்வேக்கு வந்திறங்கினேன். முதல் குளிர்காலத்தில் மொழி வகுப்பு ஆசிரியை என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே இருந்து மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். பசியில் எனக்குக் கண் இருண்டது. அன்றைக்கே புத்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் எதை நீட்டினாலும், நீட்டிய கை திரும்புவதற்குள் வாங்கிவிடுவேன். "நீ வெள்ளைக்காரியாப் போனாய்" என்று என் கணவர் சொல்வார். வயிறு நிறைந்த வெள்ளைக்காரி என்று நான் திருப்பிச் சொல்வேன்.

அக்கா என்று கூப்பிட்டாலும் கூடப்பிறந்தவர் இல்லை; எனக்குப் பல வருடங்கள் முந்தி இங்கே வந்தவர். இந்த நாட்டு நொர்ஸ்க் மொழியை என்னைவிடச் சுத்தமாகப் பேசுவார். கணக்கியல் படிப்பையும் இங்கேயே முடித்தவர். ஆனால் அந்த ஒரு புத்தி மட்டும் அவருக்கு வரவேயில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் நாங்கள் இருவரும் ஒஸ்லோ நகர மத்தியில் ஒரு மாவட்ட நிர்வாக அலுவலகத்தில், ஒரே மாடியில் வேலை செய்தோம். எந்த மாவட்டம் என்று சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. உயர்தரப் பள்ளிகள், வீதிகள், பேருந்துகள், பல் வைத்திய நிலையங்கள் எல்லாம் அந்த நிர்வாகத்தின் பொறுப்பு. நான் சம்பளப் பகுதி. அக்கா பட்ஜெட் பகுதி. பல் வைத்திய நிலையங்களின் வரவுசெலவு முழுவதும் அவர் கையில் இருந்தது. அந்த மாடியில் தமிழ் கதைக்க நாங்கள் இருவர்தான் என்பதால் மதியச் சாப்பாடு எப்போதும் ஒன்றாகத்தான்.

பிறந்தநாள்காரர் தானே கேக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே அலுவலக வழக்கம். யாராவது தட்டோடு வந்து அக்காவிடம் கேக் வேண்டுமா என்று கேட்பார்கள். "இல்லை, நன்றி" என்பார். தட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். அக்காவின் கண்ணும் கூடவே போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை அவர் முன்னால் வைப்பேன். "ஐயோ, எனக்கு ஏன்" என்று தொடங்குவார். சொல்லி முடிவதற்குள் கரண்டி உள்ளே போயிருக்கும். அந்த மாடியில் எனக்குச் சாப்பாட்டு ராணி என்று பெயர் வந்தது அக்காவின் புண்ணியத்தால்தான்.

ஒரு முறை பெரும் பனியில் சுரங்க ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. அக்கா வீடு அந்தப் பாதையின் கடைசி நிறுத்தமான வெஸ்ட்லியில். எல்லோரும் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் காரை நிறுத்தி, ஏறுகிறாயா என்று கேட்டிருக்கிறார். நடந்தே போவேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவரும் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அக்கா சிவந்த மூக்கோடும் இருமலோடும் வந்து இந்தக் கதையைச் சொன்னார்.

"கார் தானா வந்து நிண்டிருக்கு. ஏன் அக்கா ஏறேல்லை?"

"முதல் தரமே ஓம் எண்டு பாய்ஞ்சு ஏறினால் என்ன நினைப்பார்? ஆரும் ஏத்துவினம் எண்டு பாத்துக்கொண்டு வந்தவள் எண்டு நினைக்க மாட்டாரோ?"

"நீங்கள் பாத்துக்கொண்டுதானே வந்தனீங்கள்?"

"அது எனக்குத் தெரியும். அவருக்கு ஏன் தெரியோணும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இன்னொரு நாள் தானாகவே சொன்னார். சின்ன வயதில் தாய் தவறிப்போய்ச் சித்தி வீட்டில் வளர்ந்தவராம். "வேணும் எண்டு கேட்டு எடுக்கிற பிள்ளையைச் சித்திக்குப் பிடிக்காது. வேண்டாம் எண்டு நிண்டால்தான் கூப்பிட்டுக் குடுப்பா." அதைச் சோகமாகச் சொல்லவில்லை. சித்தியைப் புகழ்வது போலத்தான் சொன்னார்.

அவருடைய வீட்டில் விஷயம் தலைகீழ். அங்கே வேண்டாம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு டிசம்பரில் தன் பகுதி ஆட்களையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பகுதித் தலைவரும் வந்திருந்தார். உயரமான மனிதர், மெல்லிய குரல், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். நல்ல மனிதர் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு அவரைத் திட்டும்போது உதவும். தலைவர் போதும் என்றார். அக்கா இன்னொரு கரண்டி ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். உண்மையாகவே போதும் என்றார். அக்கா இரண்டு கரண்டி வைத்தார். மனிதர் வியர்த்து வழிந்து, வைத்ததை வீணாக்கக் கூடாதென்று முழுவதையும் சாப்பிட்டார். மறுநாள் வயிற்றுக் குழப்பம் என்று வேலைக்கு வரவில்லை.

அன்றுதான் அக்காவின் மகளை எல்லோரும் பார்த்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சியில் குறை. ஓரிரு சொல்தான் பேச்சு. நடப்பாள், சிரிப்பாள், ஆனால் ஒரு நிமிடமும் தனியே விட முடியாது. அடுப்பைத் திறப்பாள், கதவைத் திறந்து பனிக்குள் வெறுங்காலோடு போய்விடுவாள். அவள் நேரே தலைவரிடம் வந்து, அவருடைய தட்டிலிருந்த பொரித்த றோல்ஸை எடுத்துக் கடித்தாள். "ஐயோ" என்று அக்கா பதறினார். தலைவர் சிரித்துக்கொண்டு அடுத்த றோல்ஸையும் அவளிடம் நீட்டினார். நீட்டிய கை நிற்பதற்குள் அதுவும் போனது.

"இவள் ஒருத்திதான் இந்த வீட்டிலை வேணுமெண்டதை எடுக்கத் தெரிஞ்சவள்" என்று அக்கா தமிழில் என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது வெட்கமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுடைய விசேட பள்ளியிலிருந்து ஒரு டாக்சி அவளைப் பின்னேரம் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டட வாசலில் கொண்டுவந்து இறக்கும். வாசலில் ஆள் நிற்க வேண்டும். கையில் ஒப்படைக்காமல் சாரதி போகக் கூடாது. அக்காவின் கணவருக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, மாறி மாறி வரும் நேரம், அவரை நம்ப முடியாது. அதனால் அக்கா விடியவே வேலைக்கு வந்து எல்லோருக்கும் முந்திப் புறப்படுவார். அந்த வாசலில் ஒருநாளும் பிந்தி நின்றதில்லை. ஒஸ்லோ மத்தியில், சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை இருந்ததால்தான் இந்த ஏற்பாடு நடந்தது. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். மற்றதெல்லாம் இந்த வாசலைச் சுற்றித்தான்.

பட்ஜெட் காலம் வந்தால் எங்கள் மாடியின் முகமே மாறிவிடும். கேட்டதைவிடக் குறைத்துத்தான் தருவார்கள் என்று தெரிந்து ஒவ்வொருவரும் கூட்டித்தான் கேட்பார்கள். பேருந்துப் பகுதிக்காரர் கூட்டத்தில் கண்ணீர் விடாத குறை. அக்கா மட்டும் தேவையானதை மட்டும் எழுதி, அது ஏன் தேவை என்பதையும் அழகாக விளக்கி வைப்பார். எழுத்தில் அவர் புலிதான். கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்டால்தான் வினை. ஒரு வருடம் தலைவர், "இதில் கொஞ்சம் குறைத்தால் சமாளிப்பீர்களா?" என்று கேட்டார்.

"சமாளிக்கலாம்" என்றார் அக்கா.

தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒரு பல் வைத்திய நிலையத்தில் உதவியாளர் ஒருவருடைய இடம் அந்த ஒரு சொல்லில் போனது. அந்த நிலையத்துப் பொறுப்பாளர் தொலைபேசியில் கத்தியது என் மேசைவரை கேட்டது. மதியம் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அக்கா சமாளிக்கலாம் எண்டு சொன்னனீங்கள்? சமாளிக்கேலாது எண்டு நீங்கள்தானே பக்கம் பக்கமா எழுதினனீங்கள்?"

"அதைத்தானே சொல்லுறன். அவர் அதை வாசிச்சவர். வாசிச்ச மனுசன், 'இல்லையில்லை, உங்களுக்குத் தேவைதானே, வைச்சிருங்கோ' எண்டு சொல்லுவார் எண்டு பாத்தனான்."

அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. கேக் போனால் போகட்டும். கார் போனாலும் இருமலோடு போயிற்று. இந்த மனுசியிடம் ஒருநாள் பெரிதாக ஏதாவது ஒன்றை யாராவது ஒரு தரம் மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. மருத்துவமனைகளை அரசாங்கம் மாவட்டங்களிடமிருந்து தன் கையில் எடுத்துக்கொண்டதிலிருந்தே எங்கள் கட்டடத்தில் பாதி அறைகள் வெறிச்சோடிக் கிடந்தன. சில வருடம் கழித்து, இவ்வளவு பெரிய நிர்வாகம் இனி எதற்கு என்று அரசியல்வாதிகள் கேட்கத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். சுவரில் பெட்டி பெட்டியாகப் படம் ஒட்டினார்கள். ஒவ்வொரு வாரமும் படம் மாறியது. ஒரு வாரம் சம்பளப் பகுதி ஒரு பெட்டிக்குள் இருந்தது, அடுத்த வாரம் அந்தப் பெட்டியையே காணவில்லை. யாரையும் வேலையை விட்டு நிறுத்தமாட்டோம், இடம்தான் மாறும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு யாருக்கும் நித்திரை வரவில்லை. கோப்பி இயந்திரத்தடியில் கூட்டம் கூடும்; யாராவது மேலதிகாரி வந்தால் எல்லோரும் காலநிலை பற்றிக் கதைப்பார்கள்.

கடைசியில் எங்கள் காதுக்கு எட்டியது இதுதான். நிர்வாகத்தில் இருந்த மூன்று பட்ஜெட் பகுதிகளையும் ஒன்றாக்கி, வாடகை குறைவான வடக்கு ஊர் ஒன்றுக்கு அனுப்பப் போகிறார்கள். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், இறங்கிய பிறகு பேருந்து வேறு. அக்கா செய்கிற வகை வேலைக்கு ஒஸ்லோவில் ஒரே ஒரு கதிரை மட்டும் மிஞ்சும். சம்பளப் பகுதி தப்பிவிட்டது. எனக்கு அதில் நிம்மதி வரவில்லை, என் மனதில் அந்த மாடிக் கட்டட வாசலும் டாக்சியும்தான் வந்து நின்றன.

ஒவ்வொருவரையும் தலைவர் தனியே கூப்பிட்டு விருப்பத்தைக் கேட்பார் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு சந்திப்பு. நான் அக்காவை இருத்தி ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். சாப்பாட்டு அறையில் நான்தான் தலைவர்.

"நீங்கள் ஒஸ்லோவிலையே இருக்க விரும்புறியளோ?"

"எங்கை எண்டாலும் பரவாயில்லை..."

"அக்கா!"

"சரி, சரி. திருப்பிக் கேளும்."

"ஒஸ்லோவிலை இருக்க விரும்புறியளோ?"

"வேறை ஆரும் கேட்டவையோ?"

"ஆர் கேட்டால் உங்களுக்கென்ன? ஓம் எண்டு சொல்லுங்கோ. முதல் கேள்விக்கே ஓம். யோசிக்கப்படாது. மகள் எடுக்கிற மாதிரி எடுக்கோணும், தெரியுமோ?"

மகளைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒத்திகை ஒழுங்காக நடந்தது. கேள்வி முடிவதற்குள் "ஓம்" என்றார். நொர்ஸ்க்கிலும் சொல்லிப் பார்த்தார். சுரங்க ரயிலில் வரும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். சந்திப்பு நாளன்று நீலச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் சம்பளக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் இருந்தேன்.

வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

"என்ன நடந்தது? ஓம் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம். முதல் கேள்விக்கே சொல்லிப்போட்டன்."

"கடவுளே! என்ன கேட்டவர்?"

"கோப்பி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டவர்."

நாள்கணக்காகப் பழகிய ஓமை கோப்பிக்குச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறார். நோர்வே வந்த காலம் முதல் யாரிடமும் முதல் கேள்வியில் கோப்பி வாங்கியதில்லை, அன்று வாங்கிவிட்டார், அந்தச் சந்தோசத்தில்தான் சிரிப்பு.

"பேந்து?"

பிறகு தலைவர் விஷயத்துக்கு வந்திருக்கிறார். ஒஸ்லோவில் ஒரு கதிரைதான் இருக்கிறது, கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் அதைக் கேட்டிருக்கிறாள், வடக்கே போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"கைக்குழந்தைக்காரி எண்டு சொல்லேக்கை நான் எப்பிடி எனக்குத் தாங்கோ எண்டு கேக்கிறது? அவளுக்குத் தேவை எண்டால் நான் எப்பிடியாவது பாத்துக்கொள்ளுவன் எண்டு சொன்னனான்."

"அக்கா, உங்கடை பிள்ளை?"

"அவருக்குத் தெரியும் தானே. வீட்டை வந்து கண்டவர். றோல்ஸ் குடுத்தவர்." அக்கா என்னைச் சமாதானப்படுத்துவது போல என் கையைத் தொட்டார். "அவர் திருப்பிக் கேப்பார். நீர் பாரும்."

அப்படியே காத்திருக்கத் தொடங்கினார். அந்தக் காத்திருப்பை நான் வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் அந்தப் பக்கம் நடந்தால் அக்கா விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். தலைவர் புன்னகைப்பார், நல்ல வார இறுதி என்று சொல்வார், போய்விடுவார். அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் இல்லாத நேரம் பாத்து அவர் கேக்க வந்தால்?" என்றார். பாண் துண்டை மேசையிலேயே வைத்துப் பிய்த்துச் சாப்பிட்டார்.

"அவர் கேக்க மாட்டார் அக்கா. இவையள் ஒருக்கால்தான் கேப்பினம். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

"நானாப் போய்க் கேட்டால் அந்தப் பிள்ளைக்காரியின்ரை வாயிலை இருந்து பறிக்கிற மாதிரி. அவர் கேட்டு நான் சொன்னால் அது வேறை."

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். கும்பிடாத குறையாக மறித்தார். பொறுக்காமல் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் சம்பந்தப்பட்டவர் தானே வந்து சொல்லாமல் எதுவும் செய்ய முடியாது, அது அவருடைய தனிப்பட்ட விஷயம் என்றார். அதையும் அக்காவிடம் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்றார். அவருடைய கண் தலைவரின் அறைக் கதவிலேயே இருந்தது.

முடிவைப் பெரிய மண்டபத்தில் திரை போட்டு அறிவித்தார்கள். பெட்டிகளுக்குள் பெயர்கள். அக்காவின் பெயர் வடக்குப் பெட்டிக்குள் இருந்தது. அதோடு விட்டார்களா? தலைவர் எழுந்து, மாற்றத்துக்குத் தயங்காமல் கைகொடுத்தவர் என்று அக்காவைச் சுட்டிக் காட்டி நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கைக்குழந்தைக்காரி கண்கலங்கி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அக்கா சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அவருடைய மற்றக் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி எனக்கு நொந்தது.

அக்கா வடக்கே போகத் தொடங்கினார். கணவர் தன் நேரத்தைச் சில நாள் மாற்றினார், பக்கத்து வீட்டுச் சோமாலியப் பெண் சில நாள் வாசலில் நின்றாள், மற்ற நாள்களில் அக்கா மதியமே ஓடி வந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு ஏற்பாடு. ஏற்பாடு பிழைத்தால் என்ன செய்வது என்று நான் கேட்டால், "இண்டு வரைக்கும் பிழைக்கேல்லை தானே" என்பார். தொலைபேசியில் குரல் மெலிந்து வந்தது.

ஒரு பெப்ரவரிப் பின்னேரம் என் மேசையில் தொலைபேசி அடித்தது.

"நான் ரெயினுக்குள்ளை நிக்கிறன். தண்டவாளத்திலை ஏதோ பழுதாம், நகருதில்லை. அவர் வேலையிலை. பக்கத்து வீட்டிலை ஆருமில்லை." மூச்சு வாங்கியது. "உமக்குக் கரைச்சல் இல்லையெண்டால்... இல்லை. கரைச்சல் எண்டாலும் பரவாயில்லை. நீர் வெஸ்ட்லிக்குப் போம். இப்பவே போம்."

அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தரம். நான் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சுரங்க ரயில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து மூடியபோது, அந்தக் கதவுகளைக் காலால் உதைக்க வேண்டும் போல இருந்தது. டாக்சி போய்விட்டிருக்குமா, பிள்ளையை எங்கே கொண்டு போயிருப்பார்கள், சாரதி புது ஆளாக இருந்து அவளைச் சும்மா இறக்கிவிட்டிருந்தால் என்ன செய்வது? வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்சி வாசலில் நின்றது. ஆள் இல்லாவிட்டால் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோவதுதான் விதி, ஆனால் பள்ளி பூட்டியிருக்கும், அதனால் நின்றேன் என்றார் சாரதி. அவருக்கு அடுத்த ஓட்டம் போய்விட்டது. ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. மகள் பின் இருக்கையில் இருந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி, அம்மா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். நான் பையிலிருந்து பிஸ்கற் எடுத்தேன். கேட்பதற்குள் அவள் அதைப் பறித்து வாயில் போட்டாள். அவளை அணைத்தபடி வாசலில் நின்றேன். வீட்டைத் திறக்கத் திறப்பு என்னிடம் இல்லை.

அக்கா இருட்டிய பிறகு வந்தார். பனிக்குள் ஓடி வந்ததில் ஒரு கையுறையைக் காணவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், சப்பாத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு என்னோடை தலைவரிட்டை வாறீரோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

மறுநாள் எங்கள் மாடியில், தலைவரின் அறையில் அக்கா உட்காரவில்லை. கோப்பி குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நின்றபடியே, "எனக்கு ஒஸ்லோ இடம் வேணும்" என்று நொர்ஸ்க்கில் சொன்னார். மகளை, டாக்சியை, நேற்று நடந்ததை, எல்லாவற்றையும் சொன்னார். தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த இடம் கொடுத்தாயிற்று, இனி அதைத் திருப்பி எடுக்கத் தன்னால் முடியாது, அடுத்த இடம் வரும்போது முதலில் உங்களைத்தான் நினைப்பேன் என்றார். பிறகு, உண்மையாகவே விளங்காத ஒரு மனிதனின் குரலில் கேட்டார்:

"இதை ஏன் நீங்கள் அன்றைக்கே சொல்லவில்லை? நான் கேட்டேனே."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"நீங்கள் ஒரு தரம்தானே கேட்டனீங்கள்."

தலைவர் இரண்டு கையையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னொரு தரம் கேட்டிருந்தால், உங்கள் சொல்லை நம்பவில்லை என்று ஆகியிருக்குமே" என்றார் கடைசியில். அதுவும் மரியாதைதான். இருவரையும் தோளில் பிடித்து உலுப்ப வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த இடம் வரவில்லை. அந்தக் கோடையோடு அக்கா வேலையை விட்டார். வெஸ்ட்லியிலேயே ஒரு பாலர் பாடசாலையில் அரைநாள் உதவியாளராகச் சேர்ந்தார். பல் வைத்திய நிலையங்களின் பட்ஜெட்டை அதற்குப் பிறகு யார் எழுதினார்களோ எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுவதும் நல்ல வேலைதான் என்று அக்கா சொன்னார். டாக்சி வரும்போது வாசலில் நிற்கிறாராம்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவரைக் கண்டேன். மகள் அவரைவிட உயரமாகியிருந்தாள். எனக்கு மனம் நிறைந்துபோனது. முன்னால் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அந்தப் பழைய விளையாட்டை விளையாட ஆசை வந்தது. முதல் வேண்டாமுக்கு என்ன சொல்வது, இரண்டாம் தரம் எப்படிக் கேட்பது, மூன்றாம் தரம் கையைப் பிடித்து எப்படி இழுத்துக்கொண்டு போவது என்று எல்லாம் எனக்குள் ஆயத்தமாக இருந்தது.

"அக்கா, ஒரு தேத்தண்ணி குடிப்பமோ?"

"ஓம், குடிப்பம்" என்றார், நான் சொல்லி வாய் மூடுவதற்குள். "அவளுக்கு ஒரு கேக்கும் எடும். எனக்கும் ஒண்டு."

நான் படிப்பித்ததுதான். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் தரம் கேட்க வைத்திருந்த சொற்களை வாய்க்குள் வைத்துக்கொண்டு, கேக் வாங்குவதற்கு வரிசையில் போய் நின்றேன். கண் கலங்கியதை அக்கா பார்த்துவிடக் கூடாதென்று திரும்பிப் பார்க்கவில்லை.